காட்டுப்பன்றிக் கட்டுப்பாட்டில் துப்பாக்கித் தெரிவு

காட்டுப்பன்றிக் கட்டுப்பாட்டில் துப்பாக்கித் தெரிவு என்பது, பயிர்களை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சட்டப்படியான அனுமதியுடன் சுடுவதற்கு ஏற்ற துப்பாக்கியையும் தோட்டாவையும் தெரிவு செய்வதைக் குறிக்கும். விலங்கின் உடலமைப்பு, தோட்டாவின் ஆற்றல், குண்டின் அமைப்பு, துப்பாக்கியின் எடை, சுடப்படும் நிலத்தின் தன்மை, நாட்டின் சட்டம் ஆகியவை இத்தெரிவைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பெரும்பாலும் வேட்டைக்காரரின் சொந்த விருப்பமாக உள்ளது. இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமமும் விலங்கைச் சுடுவதற்கான அனுமதியும் இரு வேறு சட்டங்களின் கீழ் வருகின்றன. ஒன்று இருப்பதால் மற்றொன்று கிடைத்துவிடாது.

பின்னணி

காட்டுப்பன்றியின் அறிவியற் பெயர் சஸ் ஸ்குரோஃபா என்பதாகும். இந்தியாவில் காணப்படுவது இதன் துணையினமான இந்தியக் காட்டுப்பன்றி. இது கூட்டமாக வாழும். பெரும்பாலும் இரவில் மேயும். மூக்கால் நிலத்தைக் கிளறிக் கிழங்கு, வேர், புழு முதலியவற்றை உண்ணும். எனவே கிழங்குப் பயிர்களில் இது உண்ணும் அளவைவிடக் கிளறி வீணாக்கும் அளவு அதிகமாகும்.

தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் மரவள்ளி, நிலக்கடலை, மக்காச்சோளம், கேழ்வரகு, கரும்பு, மஞ்சள் ஆகியவை பயிரிடப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை காட்டுப்பன்றி விரும்பி உண்பவை. கரும்புத் தோட்டமும் மக்காச்சோளக் காடும் உணவாக மட்டுமன்றிப் பகலில் பதுங்கும் இடமாகவும் அமைகின்றன. மாவட்டத்தின் பல பகுதிகளில் காப்புக்காடுகளும் விளைநிலங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்திலுள்ள கடத்தூர் போன்ற பேரூர்களைச் சுற்றிய சமவெளியில் உழவர் குடும்பங்கள் தத்தம் நிலத்திலேயே வீடு கட்டி வாழ்வது வழக்கம். இவ்வாறு நிலத்தின் நடுவே அமையும் சிறு குடியிருப்புகள் கொட்டாய் எனப்படுகின்றன. இக்குடியிருப்பு முறை துப்பாக்கித் தெரிவில் முக்கிய இடம் பெறுகிறது. இது கீழே விளக்கப்படுகிறது.

விலங்கின் உடலமைப்பு

வளர்ந்த ஆண் பன்றியின் எடை 100 கிலோகிராமைத் தாண்டக்கூடும். ஆண் பன்றியின் தோள்பட்டைப் பகுதியில் தோலும் அதன் அடியிலுள்ள இணைப்பிழையமும் தடித்து ஒரு கவசம் போல் அமைந்திருக்கும். ஆண்கள் ஒன்றோடொன்று கோரைப் பற்களால் மோதும்போது இது பாதுகாப்பளிக்கிறது. மெல்லிய அல்லது விரைவில் சிதையும் குண்டுகள் இக்கவசத்திலும் தோள் எலும்பிலும் ஆற்றலை இழந்து, உள்ளுறுப்புகளை எட்டாமல் நின்றுவிடலாம்.

பன்றியின் இதயமும் நுரையீரலும் மானுடன் ஒப்பிடுகையில் உடலின் முற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் அமைந்துள்ளன. முன்னங்காலுக்கு நேர் மேலே, மார்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இவை இருக்கின்றன. முதுகில் பிடரி மயிர் நீண்டு நிற்பதால் உடல் உண்மையில் இருப்பதைவிட உயரமாகத் தோன்றும். உடலின் நடுவைக் குறிவைப்பவரின் குண்டு வயிற்றிலோ முதுகெலும்புக்கு மேலுள்ள தசையிலோ பாயக்கூடும். அவ்வாறு காயமுற்ற பன்றி நெடுந்தொலைவு ஓடிப் புதரில் பதுங்கி, பல மணி நேரம் அல்லது பல நாட்கள் துன்புற்று இறக்கும். தேடி வருபவரைத் தாக்கவும் கூடும். ஆகவே, குண்டு உள்ளுறுப்புகளை எட்டுவதே தெரிவின் முதல் அளவுகோலாகும். வேகமும் விட்டமும் அதற்கு உதவும் அளவிலேயே மதிக்கத்தக்கவை.

தோட்டாக்களின் ஆற்றல்

குண்டின் இயக்க ஆற்றல் அதன் நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கக் கிடைக்கும். பரவலாக அறியப்பட்ட தோட்டாக்களின் அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன. இவை குழல் வாயில் அளக்கப்படும் தோராய மதிப்புகள். தயாரிப்பு, குழல் நீளம் ஆகியவற்றைப் பொறுத்து மாறுபடும்.

• .22 லாங் ரைபிள்: குண்டு 2.6 கிராம், வேகம் நொடிக்கு 370 மீட்டர், ஆற்றல் 180 யூல்.
• .223 ரெமிங்டன்: 3.6 கிராம், 980 மீட்டர், 1,700 யூல்.
• 7.62×39 மி.மீ.: 8 கிராம், 715 மீட்டர், 2,000 யூல்.
• .30-30 வின்செஸ்டர்: 9.7 கிராம்; 730 மீட்டர்; 2,600 யூல்.
• .243 வின்செஸ்டர்: 6.5 கிராம், 900 மீட்டர், 2,600 யூல்.
• .315 (8 மி.மீ.): 15.8 கிராம், 620 மீட்டர், 3,000 யூல்.
• 12 போர், ஒற்றைக் குண்டு: 28 கிராம்; 475 மீட்டர்; 3,200 யூல்.
• .308 வின்செஸ்டர்: 9.7 கிராம், 860 மீட்டர், 3,600 யூல்.
• .30-06 ஸ்பிரிங்பீல்டு: 11.7 கிராம், 820 மீட்டர், 3,900 யூல்.

.22 லாங் ரைபிள் இலக்குப் பயிற்சிக்கும் சிறு விலங்குகளுக்கும் உரியது, காட்டுப்பன்றிக்கு ஏற்றதன்று. .223 ரெமிங்டன் அமெரிக்காவில் பன்றிகளைச் சுடப் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதன் இலேசான குண்டு, பெரிய ஆண் பன்றியின் தோளில் சற்றே சாய்வாகப் பட்டால் போதிய ஆழம் செல்லாமற் போகலாம். .30-30, .243 ஆகிய இரண்டின் ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே. எனினும் .30-30 தோட்டாவின் கனமான குண்டு குறுந்தொலைவில் பயன்தரும்; .243 தோட்டாவின் இலேசான குண்டு நெடுந்தொலைவிலும் வேகத்தைத் தக்கவைக்கும். ஆற்றல் எண் ஒன்றை மட்டும் கொண்டு தோட்டாவை மதிப்பிட இயலாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

செருமனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டம் இதற்கு எண்ணளவில் ஒரு வரம்பை விதித்துள்ளது. அச்சட்டப்படி காட்டுப்பன்றியைச் சுடும் ரைபிள் தோட்டாவின் விட்டம் குறைந்தது 6.5 மி.மீ. ஆகவும், 100 மீட்டர் தொலைவில் அதன் ஆற்றல் குறைந்தது 2,000 யூலாகவும் இருத்தல் வேண்டும். குளம்புள்ள வேட்டை விலங்குகளைச் சில்லுத் தோட்டாவால் சுடுவதும் அங்கு தடைசெய்யப்பட்டுள்ளது. குட்டிகளை வளர்க்கும் தாய் விலங்கையும் சுடலாகாது. விலங்கு காயத்துடன் தப்புவதையும் குட்டிகள் அநாதையாவதையும் தவிர்ப்பது இவ்விதிகளின் நோக்கமாகும்.

குண்டின் அமைப்பு

ஒரே தோட்டாவில் பல வகைக் குண்டுகள் பொருத்தப்படுகின்றன. படைத்துறைக் குண்டுகளில் ஈயம் முழுவதும் கடின உலோக உறையால் மூடப்பட்டிருக்கும். இவை விரியாமல் விலங்கை ஊடுருவி வெளியேறுவதால் காயம் சிறியதாக இருக்கும். பின்னாலுள்ளவர்களுக்கு ஆபத்தும் மிகும். வேட்டைக் குண்டுகளில் முனைப்பகுதி ஈயம் வெளியே தெரியும்படி விடப்பட்டிருக்கும். விலங்கின் உடலில் பட்டதும் முனை காளான் போல் விரிந்து, ஆற்றலின் பெரும்பகுதியை உள்ளேயே செலவிடும். காட்டுப்பன்றிக்கு விரியும் தன்மையுடன் சிதையாத உறுதியும் கொண்ட கனமான குண்டு பரிந்துரைக்கப்படுகிறது.

ஈயக் குண்டு உடலினுள் நுண்துகள்களாகச் சிதறுவதால், பிணத்தை உண்ணும் கழுகு, பாறு முதலிய பறவைகள் ஈய நஞ்சால் பாதிக்கப்படுகின்றன. இதனைத் தவிர்க்க முழுவதும் செம்பாலான குண்டுகளும் தயாரிக்கப்படுகின்றன.

துப்பாக்கியின் எடையும் பின்னுதைப்பும்

இரவு முழுவதும் வயலில் சுமந்து நடக்க இலேசான துப்பாக்கி வசதியானது. ஆனால் எடை குறையும்போது பின்னுதைப்பு கூடுகிறது. குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தத்திற்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. .30-06 தோட்டாவின் 11.7 கிராம் குண்டு நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் செல்லும்போது, வெடிவாயுவைக் கணக்கில் சேர்க்காவிடினும், 4 கிலோகிராம் துப்பாக்கி ஏறத்தாழ 11.5 யூல் ஆற்றலுடன் தோளை உதைக்கும். அதே தோட்டாவை 3 கிலோகிராம் துப்பாக்கியில் சுட்டால் உதைப்பு 15.3 யூலாக உயரும். உதைப்பிற்கு அஞ்சும் ஒருவர் விசையை இழுக்கும் கணத்தில் உடலைச் சுருக்கிக்கொள்வதால் குறி தவறுகிறது. எனவே இலேசான துப்பாக்கியைத் தெரிவு செய்வோர் நடுத்தர ஆற்றலுள்ள தோட்டாவைத் தெரிவு செய்வதே பொருத்தமாகும்.

இந்தியாவில் கிடைக்கும் துப்பாக்கிகள்

இந்தியாவில் படைக்கலச் சட்டம், 1959 மற்றும் படைக்கல விதிகள், 2016 ஆகியவை துப்பாக்கி உரிமத்தை ஒழுங்குபடுத்துகின்றன. படைத்துறைத் தோட்டாக்களை ஏற்றிச் சுடக்கூடிய துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. இதனால் வெளிநாட்டு நூல்களில் காட்டுப்பன்றிக்குப் பரிந்துரைக்கப்படும் .308, .223, 7.62×39 ஆகியவை இந்தியாவில் பொதுமக்கள் சாதாரண உரிமத்தில் பெறக்கூடியவை அல்ல.

பொதுமக்களுக்கான ரைபிள்களில் பரவலானது .315 ஆகும். இதன் தோட்டா ஆத்திரியாவின் 8×50 மான்லிகர் படைத்துறைத் தோட்டாவிலிருந்து வந்தது. பிரித்தானிய ஆட்சியில் .303 படைத்துறைத் தோட்டாவைத் தனியார் பயன்படுத்தக் கட்டுப்பாடு இருந்தமையால், வேட்டைத் துப்பாக்கிகளை .315 அளவில் செய்து விற்கும் வழக்கம் ஏற்பட்டது. விடுதலைக்குப் பின்னர் மேற்கு வங்காளத்தின் இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை இதனைத் தயாரித்து வந்தது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்ட பின் இத்தொழிற்சாலை அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. ஆற்றலைப் பொறுத்தவரை .315 காட்டுப்பன்றிக்குப் போதுமானதாகும்.

ஊர்ப்புறங்களில் அதிகம் காணப்படுவது 12 போர் துப்பாக்கியாகும். இதன் குழலில் மரை இருக்காது. ஒற்றைக் குண்டுத் தோட்டாவுடன் 50 மீட்டர் வரை இது காட்டுப்பன்றியை வீழ்த்த வல்லது. எல்ஜி, எஸ்ஜி எனப்படும் பெரிய சில்லுத் தோட்டாக்கள் மிகக் குறுகிய தொலைவில் மட்டுமே பயன்தரும். தொலைவு கூடச் சில்லுகள் பரவி, ஒன்றிரண்டு மட்டும் பட்டுப் பன்றி காயத்துடன் ஓடிவிடும்.

நாட்டுத் துப்பாக்கி

குழல் வாய்வழியாகக் கரிமருந்தையும் குண்டையும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என வழங்கப்படுகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கியாகப் படைக்கலச் சட்டம் முதலில் கருதுவது இவ்வகையையே. அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புத் தேவைக்கு வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வகை செய்கிறது. அது போதாது என உரிமம் வழங்கும் அலுவலர் கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, மரையற்ற வேறு துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம். பயிர்ப் பாதுகாப்பு தொடர்பான இப்பகுதியில் ரைபிள் இடம்பெறவில்லை.

பன்றியைக் கொல்லும் கருவி என்ற வகையில் நாட்டுத் துப்பாக்கி குறைபாடுடையது. கெட்டிக்கும் மருந்தின் அளவு ஒவ்வொரு முறையும் மாறுபடுவதால் குண்டின் வேகமும் மாறுபடும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் கெட்டிக்க நேரமாகும் என்பதால், காயமுற்ற பன்றியை உடனே மறுபடி சுட இயலாது. பால்ரஸ் எனப்படும் இரும்பு உருண்டைகளைக் குண்டாகப் பயன்படுத்தும்போது அவை விரியாமலும் நேராகச் செல்லாமலும் போகின்றன. உரிமமின்றிச் செய்யப்படும் துப்பாக்கிகளில் குழல் வெடித்துச் சுடுபவரே காயமுறும் ஆபத்தும் உண்டு. உரிமமற்ற துப்பாக்கியை வைத்திருப்பது குற்றமாகும்.

தவறிய குண்டும் நில அமைப்பும்

சுடப்படும் குண்டு எங்கு சென்று நிற்கும் என்பது ஆற்றலுக்கு அடுத்துக் கருதத்தக்கதன்று. அதற்கு முன்னரே கருதத்தக்கது. உயர்த்திச் சுடப்பட்ட .22 குண்டு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் செல்லக்கூடும். .30-06 குண்டு 4 கிலோமீட்டருக்கு மேலும் செல்லும். 12 போர் பெரிய சில்லுகள் ஏறத்தாழ 700 மீட்டருக்குள் விழுந்துவிடும். கொட்டாய்கள் சிதறிக் கிடக்கும் கடத்தூர் போன்ற சமவெளியில், ரைபிள் குண்டு எட்டும் தொலைவுக்குள் எந்தத் திசையிலும் ஒரு வீடேனும் இருக்க வாய்ப்புண்டு. கோடையில் முற்றத்திலும் களத்திலும் மக்கள் உறங்குவதும் வழக்கம்.

இவ்வாபத்தைக் குறைக்கும் வழி உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுடுவதாகும். தரையில் நிற்பவரின் துப்பாக்கி 1.5 மீட்டர் உயரத்திலும், 40 மீட்டர் தொலைவிலுள்ள பன்றியின் மார்பு 0.5 மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொண்டால், தவறிய குண்டு பன்றிக்கு 20 மீட்டர் பின்னால் 1.4 பாகைச் சாய்வில் தரையைத் தொடும். இத்தகைய சிறு கோணத்தில் கல்லிலோ இறுகிய மண்ணிலோ பட்டால் குண்டு தெறித்து மேலெழும்பக்கூடும். 4.5 மீட்டர் உயரத்தில் துப்பாக்கி இருக்குமாறு பரண் அமைத்தால், அதே குண்டு 5 மீட்டர் பின்னால் 5.7 பாகைச் சாய்வில் தரையில் பாயும். இதனால் தெறிக்கும் வாய்ப்பு குறையும், முற்றிலும் நீங்காது. கற்கள் நிறைந்த நிலத்தில் பரணிலிருந்து சுடுவதும் ஆபத்தானதே. தினைப்புனக் காவல் முதல் இன்றுவரை உழவர்கள் பயிர்க்காவலுக்கு அமைக்கும் பரண், குண்டைத் தரையில் நிறுத்தும் அமைப்பாகவும் பயன்படுகிறது.

கரும்பு, மக்காச்சோளம் ஆகியவற்றின் அசைவை மட்டும் கண்டு சுடுதல் கூடாது. இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் உழவரின் அசைவும் அவ்வாறே தோன்றும். விளக்கொளியில் விலங்கை முழுமையாக இனங்கண்ட பின்னரே விசையில் விரல் வைக்க வேண்டும் என்பது எல்லா நாடுகளிலும் கற்பிக்கப்படும் விதியாகும்.

சட்ட நிலை

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இந்தியாவில் வேட்டையைத் தடைசெய்கிறது. காட்டுப்பன்றி முன்னர் இச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. இச்சட்டத்தின் மூன்று கூறுகள் உழவர்களுடன் நேரடித் தொடர்புடையவை.

• 11ஆம் பிரிவின்படி, மனித உயிருக்கோ நிலத்திலுள்ள பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தான விலங்கை வேட்டையாடத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர் எழுத்துமூலம் அனுமதிக்கலாம்.
• தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வது குற்றமன்று. இவ்விலக்கு உயிரைக் காப்பதற்கு மட்டுமே பொருந்தும். பயிரைக் காப்பதற்குப் பொருந்தாது.
• 11ஆம் பிரிவின்கீழ் கொல்லப்படும் விலங்கு அரசின் உடைமையாகும். அதன் இறைச்சியைச் சுட்டவரோ நில உரிமையாளரோ எடுத்துக்கொள்ள இயலாது.

எனவே, பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்ற துப்பாக்கி உடைய உழவர் ஒருவர் தம் சொந்த நிலத்தில் பன்றியைச் சுட்டாலும், தனி அனுமதி இல்லையெனில் அது வனவிலங்குக் குற்றமாகும். துப்பாக்கி உரிமத்தில் பயிர்ப் பாதுகாப்பு என்று குறிக்கப்பட்டிருப்பதை வேட்டை அனுமதியாகக் கருதுவது பரவலான தவறான புரிதலாகும்.

62ஆம் பிரிவின்கீழ் நடுவண் அரசு ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்திற்குத் தீங்கு விளைவிக்கும் விலங்காக அறிவிக்கலாம். பீகாரில் 2015 இறுதியிலும் உத்தராகண்டத்தில் 2016இலும் காட்டுப்பன்றி இவ்வாறு அறிவிக்கப்பட்டது. கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் தகுதி அளிக்கப்பட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கியுள்ளவர்களைக் கொண்டு காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரம் வழங்கப்பட்டது. நஞ்சு, வெடிபொருள், மின்சாரம் ஆகியவற்றைப் பயன்படுத்த அங்கும் தடை உள்ளது.

தமிழ்நாட்டின் நடைமுறை

தமிழ்நாட்டில் 2025 சனவரியில் அறிவிக்கப்பட்ட நடைமுறை, காப்புக்காட்டிலிருந்து உள்ள தொலைவைக் கொண்டு நிலங்களை மூன்றாகப் பிரிக்கிறது.

• காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை: காட்டுப்பன்றியைச் சுடவோ பிடிக்கவோ அனுமதி இல்லை.
• 1 முதல் 3 கிலோமீட்டர் வரை: வனத்துறையினர் பிடித்துக் காட்டில் விடுவர்.
• 3 கிலோமீட்டருக்கு அப்பால்: பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் உரிய அனுமதியுடன் சுடலாம்.

கேரள நடைமுறையிலிருந்து இது வேறுபடுகிறது. இதன்படி துப்பாக்கியும் தோட்டாவும் வனத்துறையின் தெரிவாகும். உழவரின் பங்கு சேதத்தை உரிய நேரத்தில் முறையிடுவதும், பன்றிகள் வரும் தடத்தையும் நேரத்தையும் தெரிவிப்பதுமாகும். காட்டையொட்டிய நிலத்தில் சேதம் மிகுந்திருப்பினும் அங்கு சுட இயலாது. அந்நிலங்களுக்கு வேலி, காவல், சேதத்திற்கான நிவாரணம் ஆகியவையே வழிகளாக எஞ்சுகின்றன.

சட்டவிரோத முறைகளின் விளைவு

துப்பாக்கிக்கு மாற்றாக அவுட்டுக்காய் எனப்படும் வெடிவைத்த இரையும், வயலைச் சுற்றி மின்கம்பத்திலிருந்து நேரடியாக இழுக்கப்படும் மின்கம்பியும் சில இடங்களில் பயன்படுத்தப்படுகின்றன. இவை இரண்டும் சட்டவிரோதமானவை. துப்பாக்கியைப் பிடித்திருப்பவர் எதிரில் இருப்பது எது எனப் பார்த்துச் சுடாமல் விட முடியும். வெடிக்கும் மின்கம்பிக்கும் அவ்வாய்ப்பு இல்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்க விளைநிலத்தில் அமைக்கப்பட்ட சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் உயிரிழந்தன. உடன் வந்த இரு குட்டிகள் தப்பின. இத்தகைய கம்பிகளில் சிக்கி மனிதர்கள் இறப்பதும் உண்டு.

சட்டப்படியான மின்வேலி, சூரிய ஆற்றலால் நிரப்பப்படும் மின்கலத்திலிருந்து விட்டுவிட்டுப் பாயும் குறுகிய மின்துடிப்புகளைப் பயன்படுத்துகிறது. இது விலங்கை அதிரச்செய்து விரட்டுமேயன்றிக் கொல்லாது. தமிழ்நாட்டில் இவ்வேலிகளை அமைப்பதும் பதிவு செய்வதும் 2023ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட விதிகளின்படி ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. பன்றி வேலியின் அடியில் நுழையும் இயல்புடையது என்பதால், கீழ்க்கம்பியைத் தரைக்கு மிக அருகில் அமைப்பதும், அதனைத் தொடும் புல் பூண்டுகளை அடிக்கடி அகற்றுவதும் தேவையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

• காட்டுப்பன்றி
• மனித–வனவிலங்கு முரண்பாடு
• வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972
• தருமபுரி மாவட்டம்